இருதய நோயும் பக்கவாதமும்: கணக்கெடுப்புகள் கூறுவது என்ன?

இந்திய ரெயில்வேயில் பணி புரிவோர் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் பரவியிருக்கின்றனர். அவர்களுடைய வயது, வேலையின் தன்மை, நோய் விடுப்பு, மரணம் ஆகியவை ஒரே முறையில் அமைந்த பதிவேடுகளில் குறிக்கப்படுகின்றன. அவர்களுக்குக் கிட்டும் மருத்துவ வசதியும் ஏறத்தாழ ஒரே வகையானது. ஒரு நோய் நாட்டின் எப்பகுதியில் மிகுதி, எப்பகுதியில் குறைவு என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு இதைவிடச் சிறந்த ஏடு கிடைப்பது அரிது. ரெயில்வே மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா என்பார் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களைப் பற்றிய இப்பதிவேடுகளை ஆராய்ந்து, 1967-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

இருதயத்துக்கு இரத்தம் அளிக்கும் குழாய்கள் அடைபடுவதால் நேரும் மரணம், வடக்கே பஞ்சாபியரிடையே காணப்பட்டதைப்போல் தென்னிந்திய ஊழியரிடையே ஏழு மடங்கு இருந்தது. ஆனால் பஞ்சாபியர் உண்ட கொழுப்போ, தென்னிந்தியர் உண்ட கொழுப்பைப்போல் 8 முதல் 19 மடங்கு. அதில் பெரும் பகுதி பாலிலிருந்தும் நெய்யிலிருந்தும் வந்தது. கொழுப்பு மிகுந்தால் இருதய நோய் மிகும் என்று மேல்நாட்டு நூல்களில் படித்தவரைத் திகைக்கச் செய்யும் முடிவு இது. கொழுப்பின் அளவைவிட அதன் வகையே முக்கியம் என மல்ஹோத்ரா கருதினார். வடக்கே பால் கொழுப்பும் தெற்கே வித்து எண்ணெய்களும் வழங்குவதைச் சுட்டிக் காட்டினார். அவ்விளக்கத்தைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்யவில்லை. அவருடைய கணக்கிலும் குறைகள் உண்டு. பணியிலிருக்கும்போதே இறந்தவர்களைத்தான் அது எண்ணிற்று. ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இறந்தவர் அதில் சேரவில்லை. மரணச் சான்றில் எழுதப்படும் காரணம், அதை எழுதும் மருத்துவரின் பழக்கத்தையும் ஓரளவு பொறுத்தது. எனினும் ஏழு மடங்கு என்னும் வேறுபாடு எழுத்துப் பிழையாலோ சான்றுப் பிழையாலோ மட்டும் வந்துவிடக் கூடியதன்று.

இனி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிந்திய நிலையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து 2016-ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீடொன்றை மாநில வாரியாக 2018-இல் வெளியிட்டது. இருதய நோய்களும் இரத்தக் குழாய் நோய்களும் மிகுதியாகப் பரவியுள்ள மாநிலங்களின் வரிசையில் கேரளமும் தமிழ்நாடும் இருந்தன; அவற்றோடு சேர்ந்து பஞ்சாபும் இருந்தது. லட்சம் மக்களில் 5,000 பேருக்குக் குறையாமல் இந்நோய்கள் காணப்பட்ட மாநிலங்கள் இம்மூன்றே. ஒன்று ஊழியர் மரணக் கணக்கு, மற்றொன்று பொது மக்களின் நோய்க் கணக்கு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும் ஒருகாலத்தில் இந்நோய்க்குப் பெரிதும் தப்பியிருந்ததாகத் தோன்றிய மக்கள் இன்று முன்வரிசையில் இருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் பரம்பரை இயல்புகள் ஐம்பது ஆண்டுகளில் மாறுவன அல்ல. மாறியது வேறு ஏதோ ஒன்று. அது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயின் இயல்பு

இருதயம் ஒரு தசைப் பை. உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் அது, தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன் அறைகளில் உள்ள இரத்தத்திலிருந்து நேராகப் பெறுவதில்லை. அதன் மேற்பரப்பில் கிளைத்தோடும் கரோனரித் தமனிகள் என்னும் மெல்லிய குழாய்களே அதனை ஊட்டுகின்றன. இக்குழாய்களின் உட்சுவரில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் ஆண்டுக்கணக்கில் படிந்து தடிக்கிறது. தடித்த பகுதியின் மெல்லிய மேற்போர்வை ஒரு நாள் கிழிகிறது; அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை சில மணி நேரத்தில் மடிகிறது. இதுவே மாரடைப்பு.

மூளைக்குச் செல்லும் குழாயில் இவ்வாறான அடைப்பு ஏற்பட்டாலும், உயர்ந்த இரத்த அழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் மூளையினுள் ஒரு சிறு தமனி வெடித்து இரத்தம் கசிந்தாலும் பக்கவாதம் உண்டாகிறது. நாட்டுப்புறத்தில் பாரிச வாயு என்று வழங்குவது பெரும்பாலும் இதுவே. வாயுவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாரடைப்பும் பக்கவாதமும் இருவேறு உறுப்புகளில் தோன்றினும், அவற்றின் வேர் ஒன்றே, நோயுற்றது குழாய்.

இருதய நோய் என்னும் சொல் இந்நாட்டில் நெடுங்காலம் வேறொன்றையும் குறித்து வந்தது. சிறுவர்க்குத் தொண்டை நோயைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுக்கும். 1950-களில் டில்லி ஆஸ்பத்திரிகளில் இருதய நோயாளிகளை வகைப்படுத்தி ஆராய்ந்த டாக்டர் எஸ். பத்மாவதி போன்றோரின் கட்டுரைகளில் அந்நோய்க்கு முக்கிய இடம் இருந்தது. வறுமையோடும் நெருக்கமான குடியிருப்போடும் தொடர்புடைய அந்நோய் இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இங்கே நாம் பேசுவது குழாய்த் தடிப்பினால் வரும் நோய்களைப் பற்றியே.

எண்ணுவதில் உள்ள இடர்கள்

1960-இல் ஆக்ராவில் நடந்த ஆய்வொன்றில் கரோனரி நோய் சுமார் 1 சதவிகிதத்தினரிடம் காணப்பட்டது. 1968-இல் சண்டிகரில் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே இது 6 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது. 1990-இல் வெளியான டில்லி நகர ஆய்வில், 25 முதல் 64 வயது வரையுள்ளோரில் ஆயிரம் பேருக்குச் சுமார் 97 பேர் என்று கணக்கிடப்பட்டது. இவ்வெண்களை ஒரே கோட்டில் நிறுத்தி, நோய் முப்பது ஆண்டுகளில் பத்து மடங்கு பெருகிவிட்டது என்று கூறிவிடுவது எளிது. ஆனால் எதை நோய் என்று கொள்வது என்பதைப் பொறுத்து எண் மாறும். நெஞ்சுவலி உண்டா என்று கேள்வித்தாளில் கேட்டு எண்ணுவது ஒரு முறை; இருதய மின்வரைபடத்தில் தென்படும் சிறு மாறுதல்களையும் நோயென்று கொண்டு, அறிகுறி இல்லாதவரையும் சேர்த்து எண்ணுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் எண்ணிக்கை இயல்பாகவே மிகும். ஆகவே வளர்ச்சி உண்மை. ஆனால் அதன் அளவை இவ்வெண்களிலிருந்து நேராகக் கணித்தல் கூடாது.

பக்கவாதத்தை எண்ணுவதில் இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. வேலூரைச் சேர்ந்த மருத்துவர்கள் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்தால் கைகால் விழுந்த நிலையில் லட்சத்துக்குச் சுமார் 57 பேர் இருப்பதாகக் கண்டனர். 2007-இல் வெளியான கொல்கத்தா ஆய்வோ, ஆண்டுதோறும் லட்சத்துக்குச் சுமார் 145 பேர் புதிதாகப் பக்கவாதத்துக்கு ஆளாவதாகக் காட்டியது. முன்னது ஒரு குறிப்பிட்ட நாளில் நோயுடன் வாழ்வோரின் தொகை. பின்னது ஓராண்டில் நோய்வாய்ப்படுவோரின் தொகை. குளத்தில் நிற்கும் நீரின் அளவு வேறு, அதில் வந்து விழும் நீரின் அளவு வேறு அல்லவா? கொல்கத்தாவில் பக்கவாதம் கண்டவர்களுள் 41 சதவிகிதத்தினர் முப்பது நாட்களுக்குள் இறந்தனர். அத்தகைய இடத்தில் நோயுடன் வாழ்வோரின் தொகை குறைவாகத்தான் இருக்கும். அதை நற்செய்தி என்று கொள்ளலாகாது. புள்ளி விவரங்களைக் கையாளும் நிர்வாகிகள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பல தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம்.

இத்தனை எச்சரிக்கைகளுக்கும் பின்னர் நிலைத்து நிற்கும் பேரெண்கள் சில உண்டு. மேற்கூறிய 2018-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்நோய்களுடன் வாழ்ந்த இந்தியர் 1990-இல் 2 கோடியே 57 லட்சம். 2016-இல் 5 கோடியே 45 லட்சம். நாட்டில் நேர்ந்த மரணங்களில் இவற்றின் பங்கு 15.2 சதவிகிதத்திலிருந்து 28.1 சதவிகிதமாக உயர்ந்தது. இவ்வாறு இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எழுபது வயது நிரம்பாதவர். நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் நோயின் முகம் ஒன்றன்று என்பதும் தெரிந்தது. பஞ்சாபிலும் தெற்கிலும் இருதயம் முதலில் தாக்கப்படுகிறது. மேற்கு வங்காளம் முதலிய கிழக்குப் பகுதிகளில் பக்கவாதத்தின் சுமை மிகுதி.

அபாயக் காரணம் என்னும் கருத்து

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். நோய் தாக்கியபோது அவருடைய இரத்த அழுத்தம் 300-க்கு 190 என அளக்கப்பட்டது. இரத்த அழுத்தம் வயதோடு உயர்வது இயற்கை, அதைக் குறைக்க முயல்வது வீண் என்றே அந்நாளைய மருத்துவர் பலர் நம்பினர். உலகின் மிக முக்கியமான நோயாளிகளுள் ஒருவருக்கும் அவர்களால் செய்ய முடிந்தது சிறிதே. 1948-இல் அந்நாட்டு அரசு இருதய நோய் ஆராய்ச்சிக்கெனச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராமிங்ஹாம் என்னும் சிற்றூரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று.

அவ்வாராய்ச்சியின் முறை எளிது, பொறுமைதான் அரிது. நோயற்ற 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களுடைய இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், எடை, புகைபிடிக்கும் பழக்கம் முதலியவற்றைக் குறித்துக்கொண்டு, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்தனர். நோய் வந்தபின் காரணம் தேடுவதில் ஒரு பெருங்குறை உண்டு. நோயாளி தன் கடந்த காலத்தை நோயின் கண்ணாடி வழியே காண்பான். முன்னதாகவே குறித்து வைத்துக் காத்திருப்பதில் அக்குறை இல்லை. 1961-இல் வில்லியம் கேனல் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் அபாயக் காரணம் என்னும் சொல் மருத்துவ வழக்கில் நிலைபெற்றது. நோயை நிச்சயம் உண்டாக்கும் கிருமியைப் போன்றதன்று இது. இருப்பவரிடம் நோயின் வாய்ப்பை இத்தனை மடங்கு மிகுவிக்கும் இயல்பு என்பதே இதன் பொருள். எண்பது வயது வரை பீடி குடித்து வாழ்ந்த பாட்டனாரைச் சான்று காட்டுவோர் இவ்வேறுபாட்டை அறியாதவரே.

பிராமிங்ஹாம் மக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அவர்களிடம் கண்டது நமக்கும் பொருந்துமா? இந்தியரின் உடலே வேறு, நம் நோய்க்குத் தனிக் காரணம் வேண்டும் என்று பலர் எண்ணி வந்தனர். இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 15,000 மாரடைப்பு நோயாளிகளையும், ஏறக்குறைய அதே தொகையான நோயற்றவரையும் ஒப்பிட்டு 2004-இல் ஒரு பேராய்வு வெளியாயிற்று. இன்டர்ஹார்ட் என்பது அதன் பெயர். கொலஸ்டிரால் முதலிய இரத்தக் கொழுப்புகளின் சீர்கேடு, புகையிலை, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன நெருக்கடி, காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் தொடர்பானவை ஆகிய ஒன்பதைக் கொண்டே முதல் மாரடைப்பின் வாய்ப்பில் ஆண்களிடம் 90 சதவிகிதமும் பெண்களிடம் 94 சதவிகிதமும் விளக்கிவிடலாம் என்று அது காட்டியது. முதலிரண்டின் பங்கே பெரிது.

அதில் இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், வங்காள தேசம் ஆகிய ஐந்து நாடுகளைப் பற்றிய பகுதி 2007-இல் தனியாக வெளியிடப்பட்டது. நமக்கு அதுவே மிக முக்கியம். இந்நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. பிற நாடுகளில் ஏறத்தாழ 59. ஆறாண்டு முந்துகிறது. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஐம்பத்து மூன்றில் விழுவதற்கும் ஐம்பத்தொன்பதில் விழுவதற்கும் உள்ள வேறுபாட்டை, பெண்ணின் திருமணத்தையும் பையனின் கல்லூரிப் படிப்பையும் எதிர்நோக்கியிருக்கும் எந்த வீட்டாரும் அறிவர். ஆனால் இம்முந்துதலுக்குப் புதிய காரணம் எதையும் ஆராய்ச்சியாளர் காணவில்லை. ஒன்பது காரணங்களையும் வருமானத்தையும் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, நாற்பது வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளாகும் வாய்ப்பு இங்கும் பிற நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதாவது, நம்மிடம் தனி நோய் ஏதும் இல்லை. எல்லோரையும் பற்றும் அதே காரணங்கள் நம்மை இளமையிலேயே வந்து பற்றுகின்றன.

புகையிலையைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது, வாயில் அடக்கும் புகையிலை இருதயத்தைத் தொடாது என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. இதே ஆராய்ச்சியில் பீடி மட்டும் குடிப்போரிடம் மாரடைப்பின் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், புகையிலை மெல்லுவோரிடம் இரு மடங்குக்கு மேலாகவும் இருந்தது. 2016–17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கின்படி வயது வந்த இந்தியரில் 28.6 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர்; அவர்களில் மிகுதியானோர் புகைப்பவர் அல்லர், மெல்லுபவரே.

மெலிந்த உடலும் மறைந்த கொழுப்பும்

இளமையிலேயே இக்காரணங்கள் ஏன் வந்து சேர்கின்றன? பருமனே காரணம் என்றால், மெலிந்த தோற்றமுடைய நம்மவர் பலர் நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் ஆளாவது எங்ஙனம்?

2004-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. அதில் இரு விஞ்ஞானிகள் அருகருகே நிற்கின்றனர். ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். உயரத்தையும் எடையையும் கொண்டு பருமனைக் கணக்கிடும் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. இருவரும் ஒல்லியானவரே. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கை அளந்தபோது யட்கினிடம் 9.1 சதவிகிதமும் யாக்னிக்கிடம் 21.2 சதவிகிதமும் இருந்தன. தராசு காட்டாத கொழுப்பு தசையின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வயிற்றறையில் தங்கியிருக்கிறது. அக்கொழுப்பு இன்சுலினின் செயலைத் தடுத்து, இரத்தத்தில் சர்க்கரையையும் தீய கொழுப்புகளையும் மிகுவிக்கிறது. எனவேதான் இந்தியருக்கு எடையைவிட இடுப்பளவே நம்பத்தக்க அளவுகோல் எனக் கருதப்படுகிறது. ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருப்பின் அது வயிற்றுப் பருமன். 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரை ஆராய்ந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 39.5 சதவிகிதத்தினரிடம் இதைக் கண்டது. நீரிழிவு உடையோர் 10 கோடியைக் கடந்துவிட்டதாகவும் அது மதிப்பிட்டது.

இவ்வியல்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு மைசூரில் ஒரு குறிப்பு கிடைத்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு ஆஸ்பத்திரியில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை பேரேடுகளில் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அக்குழந்தைகள் நடுவயதினரான பின் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தனர். 1996-இல் வெளியான முடிவின்படி, பிறந்தபோது இரண்டரைக் கிலோகிராமும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களில் 11 சதவிகிதத்தினருக்குக் கரோனரி நோய் இருந்தது; மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்டிருந்தவர்களில் 3 சதவிகிதத்தினருக்கே அது காணப்பட்டது. தாயின் வயிற்றில் போதிய ஊட்டம் பெறாத சிசு, கிடைத்ததைக் கொண்டு மூளையைக் காத்துத் தசையையும் பிற உறுப்புகளையும் சுருக்கிக்கொள்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். பற்றாக்குறைக்கென அமைந்த அவ்வுடல் பிற்காலத்தில் நிறைந்த உணவையும் குறைந்த உழைப்பையும் சந்திக்கும்போது தடுமாறுகிறது. மைசூர் ஆராய்ச்சியில் கண்டவர் தொகை சிறிது. ஒன்றைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. ஆயினும் நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றோடு அது நன்கு பொருந்துகிறது. வயலிலும் பட்டறையிலும் உடலுழைத்த தந்தையின் மகன் நாற்காலியில் அமர்ந்தான். பேரன் அந்நாற்காலிக்கு மோட்டார் சைக்கிளில் சென்றான். பஞ்சாபில் பசுமைப் புரட்சிக்குப் பின் கலப்பையின் இடத்தை டிராக்டர் ஏற்றது. நெய் முன்பும் இருந்தது. அதைச் செலவழித்த உழைப்பு இல்லாமற் போயிற்று. இது எம் ஊகமே எனினும், மல்ஹோத்ராவின் பஞ்சாபியர் அன்று தப்பியதற்கும் இன்று தப்பாததற்கும் இதைவிட நேரான விளக்கம் தோன்றவில்லை.

அடுப்புப் புகையையும் இங்கே மறத்தலாகாது. டாக்டர் பத்மாவதியும் பாதக்கும் 1959-இலேயே, நுரையீரல் நோயால் இருதயத்தின் வலப்புறம் கெடுவதைப் பற்றி டில்லி நோயாளிகளை ஆராய்ந்து எழுதினர். சமையலறைப் புகையை அதற்கொரு காரணமாகக் கருதினர். 2016-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இருதய, இரத்தக் குழாய் நோய்களால் விளையும் சுமையில் 31 சதவிகிதத்துக்குக் காற்று மாசு பொறுப்பென்று கணக்கிடப்பட்டது. நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவன் புகை பிடிக்காதவனாகவும் இருக்கலாம். புகையைச் சுவாசிக்காதவன் என்று சொல்ல முடியாது.

ஓசையற்ற அழுத்தம்

பக்கவாதத்தைப் பொறுத்தவரை காரணங்களுள் முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கே. 32 நாடுகளில் நடத்தப்பெற்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதை ஐயமற நிறுவியது. 140-க்கு 90 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தமே உயர் அழுத்தம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இதற்குத் தலைவலியோ மயக்கமோ அறிகுறியாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலோர்க்கு எவ்வித அறிகுறியும் இல்லை. தலை சுற்றினால்தான் அழுத்தம், இல்லையேல் இல்லை என்று கருதி மாத்திரையை நிறுத்துவோர் தொகை கணக்கிலடங்காது. உப்பு இதனை உயர்த்துகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் சிறுநீரைச் சோதித்து மதிப்பிட்ட இடங்களில் அது 8 கிராமுக்கு மேற்பட்டே காணப்பட்டது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றோடு மோரிலும் பழத்திலும்கூட உப்பிட்டு உண்ணும் வழக்கமுடைய நமக்கு இது வியப்பன்று.

2017–18-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் 28.5 சதவிகிதத்தினருக்கு உயர் அழுத்தம் இருப்பதைக் கண்டது. அவ்வாறு அழுத்தம் உடைய நூறு பேரை எடுத்துக்கொண்டால், தமக்கு அது இருப்பதை அறிந்தவர் 28 பேர். மருந்து உண்பவர் 14 அல்லது 15 பேர். அழுத்தம் கட்டுக்குள் அடங்கியிருந்தவர் 13 பேர் மட்டுமே. எஞ்சிய எண்பத்தேழு பேரில் பெரும்பாலோர் தம் கையில் ஒருமுறையேனும் அழுத்தமானியின் பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் போதும். அது ஐந்து நிமிட வேலை. மருந்தும் விலையுயர்ந்ததன்று, பல ஆண்டுகளுக்கு முன்னரே காப்புரிமை நீங்கிய சாதாரண மாத்திரைகளே இதற்குப் போதும்.

இங்கேதான் நோயின் பரவலும் மரணமும் வெவ்வேறு வழியில் செல்வதைக் காண்கிறோம். 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆராய்ச்சி 2014-இல் வெளியாயிற்று; இந்தியாவும் அதில் ஒன்று. அபாயக் காரணங்கள் செல்வ நாடுகளிலேயே மிகுதியாக இருந்தன. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் இருதயம் தொடர்பான மரணமும் ஏழை நாடுகளிலேயே மிகுதி. நோய் தாக்கியவர்களில் இறந்தோரின் விகிதம் செல்வ நாடுகளில் 6.5 சதவிகிதம், ஏழை நாடுகளில் 17.3 சதவிகிதம். அங்கே அழுத்தம் உடையவர் அளக்கப்படுகிறார், மருந்து பெறுகிறார், தாக்குண்டால் விரைவில் ஆஸ்பத்திரியை அடைகிறார். நம் நாட்டில் 89 ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 21,000 இருதய நோயாளிகளைப் பதிவு செய்த ஓர் ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. கடும் மாரடைப்பு நேர்ந்தவர் ஆஸ்பத்திரியை அடைய எடுத்துக்கொண்ட நேரம் நடுவளவில் 360 நிமிடம். உள்ளே வந்தபின் அடைப்பைக் கரைக்கும் மருந்து தொடங்க 50 நிமிடமே ஆயிற்று. இழந்த நேரமெல்லாம் வீட்டிலும் வழியிலும் இழந்ததே. வாயுக் கோளாறு என்று எண்ணிக் கஷாயம் குடித்துக் காத்திருந்த நேரமும் அதில் அடங்கும். முப்பது நாட்களுக்குள் இறந்தவர் வறியோரில் 8.2 சதவிகிதம், செல்வரில் 5.5 சதவிகிதம். இருதய நோய் பணக்காரரின் நோய் என்னும் பழைய எண்ணம் இவ்வெண்களுக்கு முன் நிற்காது.

2017-இன் இறுதியில் மத்திய சுகாதார அமைச்சகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பிறருடன் சேர்ந்து உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி ஒன்றைத் தொடங்கின. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஐந்து மாநிலங்களில் பஞ்சாபும் கேரளமும் இருந்தன. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகியவை ஏனையவை. இதில் புதிய மருந்து எதுவும் இல்லை. புதிய கருவியும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எக்காரணம் பற்றி வருபவராயினும், வயது வந்தவருக்கு அழுத்தம் அளக்கப்படுகிறது. மாநிலம் முழுதும் ஒரே வரிசையில் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. எந்த மாத்திரையில் தொடங்குவது, குறையாவிட்டால் எதைக் கூட்டுவது என்பது ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. மாத்திரை ஒரு மாதத்துக்குக் குறையாமல் தரப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. குறித்த நாளில் வராதவரைப் பணியாளர் தொலைபேசியில் அழைக்கின்றனர், அல்லது வீடு தேடிச் செல்கின்றனர். 2022-இல் இம்முயற்சிக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. நம் ஊர் சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ உள்ள அழுத்தமானி வேலை செய்கிறதா, மாத்திரை இருப்பில் உள்ளதா என்று கேட்டறிவது பஞ்சாயத்து உறுப்பினருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இயலக்கூடிய காரியம். முப்பது வயது நிரம்பிய எவரும் அங்கே சென்று தம் அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டணமின்றி அளந்து பார்த்துக்கொள்ளலாம்.